பௌத்திர ஆபரேஷனுக்கு அப்புறம் கீகல் பயிற்சி செஞ்சவங்க இருக்கீங்களா?

வணக்கம். மன்னார்குடி பக்கம் கிராமம், வயசு 46. பௌத்திரத்துக்கு (ஆசனவாய் பக்கத்துல சீழ் வடியுற துளை விழுற நோய்) ஆபரேஷன் செஞ்சு ஏழு வாரம் ஆச்சு. புண் ஆறிடுச்சுன்னு டாக்டர் சொல்லிட்டார். இப்ப தொல்லை வேற. வாயுவை அடக்க முடியல. அவசரம்னா வயல்லேருந்து வீடு வந்து சேர்றதுக்குள்ள லேசா கசிஞ்சிடுது. சம்பா நடவு நேரம், ஆளுங்களோட வரப்புல நிக்கவே கூச்சமா இருக்கு. மூலம்னு சொன்னாலே சிரிக்கிற ஊருங்க, இதை யாருகிட்ட சொல்றது?

ஆஸ்பத்திரியில கீகல் பயிற்சி, அதாவது இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துற பயிற்சி, செய்யச் சொல்லி ரெண்டே நிமிஷத்துல அனுப்பிட்டாங்க. எனக்குப் புரிஞ்ச வரைக்கும், வாயுவை அடக்குற மாதிரி ஆசனவாயை உள்ளே இழுத்து 5 விநாடி பிடிக்கணும், அப்புறம் முழுசா தளர்த்தணும். 10 தடவை, நாளைக்கு மூணு வேளை. மூச்சை அடக்கக் கூடாது. ஆனா நான் இழுத்தா தொடை, புட்டம் எல்லாம் சேர்ந்தே இறுகுது! சரியான தசையைத்தான் பிடிக்கிறேனான்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க? படுத்தா ஓரளவு வருது, நின்னா பிடியே கிடைக்கல.

ரெண்டு மூணு மாசம் விடாம செஞ்சாத்தான் பலன் தெரியும்கிறாங்க. உங்களுக்கு எப்ப தெரிஞ்சுது? டிராக்டர் ஓட்ட எப்ப ஆரம்பிச்சீங்க? இசப்கோலும் வெந்நீர்ல உட்கார்றதும் தொடருது. அம்மா தினம் துத்திக்கீரை சமைக்கிறாங்க, அது தனிக் கதை.

தஞ்சாவூர், கும்பகோணம், திருவாரூர்ல இடுப்புத்தளத் தசைக்குன்னே பயிற்சி கொடுக்கிற பிசியோதெரபிஸ்ட் யாராவது தெரியுமா? திருச்சின்னாலும் வர்றேன். இங்க எழுதக் கூச்சமா இருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க.