புதுப்பிப்பு: ஹீட்டரில் சூடு வராத கார், தெர்மோஸ்டாட் மாற்றியாயிற்று

யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஊட்டிக் குளிரில் ஹீட்டர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது, இறக்கத்தில் வெப்பமானி முள் கீழே போய்விடுகிறது என்று கேட்டிருந்தேன். வெப்பநிலை சென்சார் கோளாறு என்றுதான் பலரும் சொன்னீர்கள். அது இல்லை.

கைகொடுத்தது, "காலையில் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டரின் மேல் ஹோஸைத் தொட்டுப் பாருங்கள்" என்ற யோசனை. எஞ்சின் சூடேறும் வரை அது குளிர்ந்தே இருக்க வேண்டும். எனக்கோ இரண்டே நிமிடத்தில் வெதுவெதுப்பு. அதாவது தெர்மோஸ்டாட் (எஞ்சின் சூடேறும் வரை, குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் வால்வு) திறந்தபடியே சிக்கியிருந்தது.

எஞ்சின் முழுக்க ஆறிய பிறகு கூலன்ட்டை வாளியில் பிடித்தேன். (தரையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் குடித்தால் செத்துவிடும்.) தெர்மோஸ்டாட் மூடியில் இரண்டே பத்து எம்எம் போல்ட். ஒன்று துருப்பிடித்து அரை மணி நேரத்தைத் தின்றது. பழைய கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் அடைப்பு) சுரண்டிவிட்டு, 82 டிகிரி (அது திறக்கத் தொடங்கும் வெப்பநிலை) என்று பொறித்த புதிய தெர்மோஸ்டாட்டை, காற்றுத் துளை மேலே வரும்படி வைத்தேன். அதற்கு முன் அதைச் சட்டியில் வெந்நீரில் போட்டதும் மெல்ல வாய் திறந்தது. பழையது குளிர்ந்த நீரிலேயே மூன்று மில்லிமீட்டர் இளித்துக்கொண்டிருந்தது!

எதிர்பாராதது ஒன்று: மாற்றியதும் ஹீட்டரில் குளிர்காற்று, டாஷ்போர்டுக்குள் களகள சத்தம். கூலன்ட் ஓடும் பாதைக்குள் காற்று அடைத்திருந்தது. வண்டி ஆறியதும் முகம் மேடு பார்க்க நிறுத்தி, ரேடியேட்டர் மூடியைத் திறந்து, ஹீட்டரை முழுதாக வைத்து, ஃபேன் சுழலும் வரை ஓடவிட்டேன். குமிழி அடங்கியதும் இன்னும் அரை லிட்டர் கூலன்ட் பிடித்தது. இப்போது முள் நடுவில் நிற்கிறது.