குறிப்புக் கேட்டவரிடம் கேலி பேசலாமா?

ஈசூன்வாசி:
குளியலறை ஓடுகளின் இடுக்கில் படிந்த கறுப்புக் கறையை எப்படிப் போக்குவது என்று சிங்கப்பூரில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கேட்டார். "ப்ளீச்சில் வினிகரைக் கலந்து ஊற்றிக் கதவைச் சாத்துங்கள். கறையும் போய்ச் சேரும், நீங்களும் போய்ச் சேருவீர்கள்" என்று பதில் வந்தது. எல்லாரும் சிரித்தார்கள். முதல் வாக்கியத்தை மட்டும் வெட்டி யாரோ அனுப்ப, என் பெரியம்மா அப்படியே செய்துவிட்டார். கண் எரிந்து, இருமியபடி தாழ்வாரத்துக்கு ஓடிவந்து விழாத குறையாக உட்கார்ந்தார். இப்போது நலமாக இருக்கிறார். ப்ளீச்சில் அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். முதல் உலகப் போரில், 1915இல், பெல்ஜியத்தின் ஈப்பர் போர்க்களத்தில் வீரர்களைக் கொன்றது அதே வாயுதான். குறிப்புக் கேட்கும் இடத்தில் கேலியே வேண்டாம் என்கிறேன்.

தெம்பனிஸ் தம்பி:
பெரியம்மா நலம் என்று கேட்டு நிம்மதி, அண்ணா. ஆனால் சிரிப்பையே விரட்டிவிடாதீர்கள். டெங்கி எச்சரிக்கைத் தாளை நான் வீடு வீடாகக் கொடுத்தேன், ஒருவரும் படிக்கவில்லை. பிறகு குழுவில், "பூச்சட்டித் தட்டில் கொசுவுக்கு நீச்சல் குளம் கட்டித் தராதீர்கள், ஒரே வாரத்தில் பிள்ளைகுட்டியோடு குடிவந்துவிடும்" என்று எழுதினேன். மறுநாளே எங்கள் மாடியில் வாளிகள் எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. ஏடிஸ் முட்டை கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் போதும் என்பது அந்தத் தாளிலும் இருந்ததுதான்.

ஈசூன்வாசி:
காப்பிக்கடையில் நீங்கள் சொன்னால் உங்கள் முகத்தைப் பார்த்து விளையாட்டு என்று புரிந்துகொள்வேன், தம்பி. கைப்பேசியில் எந்த முகத்தைப் பார்ப்பது?

ஜூரோங்காரன்:
அந்த வினிகர் வரியை எழுதியவன் நான். பெரியம்மாவிடம் நேரில் வந்து மன்னிப்புக் கேட்கிறேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும்: முழுதாகப் படித்தால் அது எச்சரிக்கைதான். பாதியை வெட்டி அனுப்பியவரை யாரும் கேட்கவில்லையே?

உட்லண்ட்ஸ் அக்கா:
வெட்டி அனுப்புவார்கள் தம்பி, எப்போதும் அனுப்புவார்கள். ஊரிலிருந்து வந்து இரண்டு வாரமே ஆன பிள்ளை, நடு இரவில் பதறிக்கொண்டு படிக்கும் என்று நினைத்து எழுதுங்கள். கொசு வேடிக்கையை அந்தப் பிள்ளை உண்மை என்றே நம்பினாலும் தட்டைக் கவிழ்க்கும், நல்லதுதான். உங்களுடையதை நம்பினால் மூச்சு முட்டும். இரண்டையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், ஈசூன் தம்பி. எண்ணெய்ச் சட்டியில் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றச் சொல்லி ஒருவர் விளையாட்டாக எழுதியதை நானே பார்த்திருக்கிறேன். ஊற்றினால் தீ கூரை வரை எழும்பும். அடுப்பை அணைத்து மூடியால் மூட வேண்டும். அடங்காவிட்டால் வெளியேறி, இங்குள்ள தீயணைப்பு எண் 995ஐ அழைக்க வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

ஈசூன்வாசி:
அக்கா சொல்வதை ஏற்கிறேன். கொசு வேடிக்கை இருக்கட்டும். ஆனால் மருந்து, தீ, மின்சாரம், ரசாயனம் பற்றிய கேள்விக்குச் சரியான பதில் வந்து சேரும்வரை ஒருவரும் விளையாடக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்கமாட்டேன்.

தெம்பனிஸ் தம்பி:
அப்படியென்றால் பாதி நாள் குழுவே மௌனமாகிவிடும், அண்ணா. எனக்கு உடன்பாடில்லை.

ஜூரோங்காரன்:
என் வரியை அழித்துவிட்டேன். கேட்டவருக்குப் பதில்: ப்ளீச் மட்டும், புட்டியில் எழுதியுள்ள அளவில், குளிர்ந்த நீரில். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். சன்னலும் கதவும் திறந்திருக்கட்டும். வேறெதையும் கலக்காதீர்கள்.