அப்பாவுக்குப் பூசை: ஆர்.சி.யும் சி.எஸ்.ஐ.யும் கலந்த வீட்டுக்காரர்கள் சொன்னவை

வடக்கன்குளம் மருமகள்:

எனக்குப் பிறந்த வீடு மெய்ஞ்ஞானபுரம் பக்கம், தலைமுறை தலைமுறையாக சி.எஸ்.ஐ. (தென்னிந்திய திருச்சபை, புராட்டஸ்டண்ட்). புகுந்த வீடு வடக்கன்குளம், ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கர்). எந்தக் கோயிலில் தாலி கட்டுவது, பிள்ளைக்கு எங்கே ஞானஸ்நானம் என்பதையெல்லாம் நிச்சயத்தின்போதே பேசி முடித்தார்கள். சாவைப் பற்றி மட்டும் யாரும் பேசவில்லை.

போன வருடம் அப்பா இறந்தார். அடக்க ஆராதனை முடிந்து ஏழாம் நாள் நெருங்கும்போது மாமியார் போனில் கூப்பிட்டார். "நாளைக் காலைப் பூசை உன் அப்பாவுக்குத்தான் அம்மா. சாமியாரிடம் பெயர் கொடுத்துவிட்டேன்" என்றார். இறந்தவர் பெயரில் திருப்பலி ஒப்புக்கொடுப்பது; அவருக்குத் தெரிந்த மிகப் பெரிய மரியாதை அது. கேள்விப்பட்ட அண்ணன் கொதித்துவிட்டான். "அப்பா இரட்சிக்கப்பட்டவர். உத்தரிக்கிற ஸ்தலத்தில் கிடக்கிறார் என்று உன் அத்தை ஊருக்கெல்லாம் சொல்கிறாரா?" என்று கேட்டான். உத்தரிக்கிற ஸ்தலம் என்பது, மோட்சம் போகுமுன் ஆத்துமா சுத்திகரிக்கப்படுவதாக ஆர்.சி.க்காரர்கள் நம்புவது; எங்கள் சபை அதை ஏற்பதில்லை. அண்ணன் எபிரெயர் 9:27ஐ வாட்ஸ்அப்பில் அனுப்பினான்: ஒரே தரம் மரிப்பது, பின்பு நியாயத்தீர்ப்பு. அத்தைக்கோ அவன் கோபம் விளங்கவே இல்லை. "என்னைப் பெற்றவளுக்கு வருடாவருடம் பூசை வைக்கிறேன். அவள் என்ன பாவியா?" என்றார்.

நான் பூசைக்குப் போனேன். "நித்திய இளைப்பாற்றியை இவருக்கு அளித்தருளும் ஆண்டவரே" என்று எல்லோரும் சொன்னபோது எனக்கு வாய் வரவில்லை. ஆனால் சாமியார் அப்பாவின் பெயரைச் சொன்னபோது சந்தோஷமாக இருந்தது. இரண்டும் உண்மை. உங்கள் வீடுகளில் என்ன நடந்தது? வசனச் சண்டை வேண்டாம், நடந்ததைச் சொல்லுங்கள்.

ஓய்வுபெற்ற உபதேசியார் (சி.எஸ்.ஐ. சபை ஊழியர்), தூத்துக்குடி மாவட்டம் நாசரேத் பக்கம்:

சண்டை வேண்டாம் என்கிறீர்கள். இது சண்டை போட்டுத்தான் தெளிந்த விஷயம், மகளே. 1517இல் லூத்தர் 95 வாதங்களை எழுதியதே, காசு கொடுத்தால் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமா வெளியேறும் என்று பாவமன்னிப்புச் சீட்டு விற்றதைப் பார்த்துத்தான். இங்கிலாந்து திருச்சபையின் 39 விதிகளில் 22ஆவது, அந்தப் போதனைக்கு வேதத்தில் ஆதாரம் இல்லை, அது வீண் கற்பனை என்று பட்டவர்த்தனமாகச் சொல்கிறது. சி.எம்.எஸ்., எஸ்.பி.ஜி. என்ற ஆங்கிலேயச் சங்கங்களின் மிஷனரிகள் நம் சீமைக்குக் கொண்டுவந்த நம்பிக்கை அதுதான்.

நடந்ததைக் கேட்டீர்கள், சொல்கிறேன். ஒரு துக்க வீட்டில் ஜெபம் செய்து முடித்தேன். விதவையான அந்தப் பெண், "உபதேசியாரே, அவருக்காக ஜெபம் செய்யவில்லையே" என்றாள். குடும்பத்துக்காகச் செய்தேன் என்றேன். "எங்களுக்காக இல்லை. அவருக்காக" என்றாள். அந்த மனிதன் குடித்தே அழிந்தவன், கோயில் வாசலை மிதித்துப் பல வருடம். அவள் எதற்குப் பயப்படுகிறாள் என்று எனக்குத் தெரியாதா? கர்த்தர் நீதியுள்ளவர், இரக்கமும் உள்ளவர், அவர் கையில் விட்டுவிட்டோம் என்றேன். அதற்கு மேல் ஒரு சொல் கூட்டவில்லை. இல்லாத நம்பிக்கையைக் கொடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. பிறகு அவள் உவரி அந்தோணியார் கோயிலுக்குப் போய் அவனுக்காக மெழுகுவர்த்தி ஏற்றினாள் என்று கேள்விப்பட்டேன். அவள் போனது தவறு என்று இன்றும் சொல்வேன். ஏன் போனாள் என்பதும் எனக்குத் தெரியும்.

மணப்பாட்டுக்காரன்:

உபதேசியார் ஐயாவுக்கு வணக்கம். சீட்டு விற்றது அசிங்கம்தான், அதை யாரும் நியாயப்படுத்த வேண்டாம். அந்த வியாபாரத்துக்கு எங்கள் ஆர்.சி. சபையே பிறகு தடை போட்டது. ஆனால் 1563இல் எங்கள் ஆயர்கள் கூடிய திரெந்து சங்கம் உத்தரிக்கிற ஸ்தலம் உண்டு, அங்கிருக்கும் ஆத்துமாக்களுக்கு நம் வேண்டுதல் உதவும் என்பதை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வடக்கன்குளத்து மதினி தன் அண்ணனிடம் முதலில் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. எங்கள் போதனைப்படி அங்கே இருப்பவர்கள் எல்லோரும் மோட்சம் உறுதியானவர்கள். நரகத்துக்கும் மோட்சத்துக்கும் நடுவில் தீர்ப்புக்குக் காத்திருப்பவர்கள் அல்லர். அங்கிருந்து ஒருவரும் நரகத்துக்குப் போவதில்லை. ஆகவே உங்கள் அப்பாவுக்குப் பூசை வைத்தது அவருடைய இரட்சிப்பைச் சந்தேகப்பட்டதாகாது. நெருப்புப் படத்தைக் காட்டிச் சிறுவர்களை மிரட்டிய ஞானோபதேச வகுப்புகளுக்கு நானும் போயிருக்கிறேன், இரவில் தூக்கம் கெட்டிருக்கிறது. பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுல் 1999இல் அது ஓர் இடமல்ல, ஒரு நிலை என்று விளக்கினார். அந்த விளக்கம் எங்கள் ஊர்ப் பாட்டிமார் காதுக்கு இன்னும் வந்து சேரவில்லை.

என் சித்தப்பா கடலுக்குப் போய்த் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. நவம்பர் 2, கல்லறைத் திருநாளன்று ஊரே தன் தன் கல்லறையைச் சுத்தம் செய்து பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றும். சாமியார் ஒவ்வொன்றாக மந்திரித்துக்கொண்டு வருவார். சித்திக்கு நிற்க ஓர் இடம் கிடையாது. கல்லறைத் தோட்டத்து நடுச் சிலுவையடியில் நிற்பார். பூசையில் சித்தப்பா பெயரைச் சொல்வது ஒன்றுதான் அவருக்காக இன்னமும் செய்ய முடிகிற காரியம். அதுவும் கூடாது என்று சித்தியிடம் சொல்ல வருகிறவர் கொஞ்சம் துணிச்சலுடன்தான் வர வேண்டும்.

வேத ஆதாரம் கேட்பீர்கள். இரண்டாம் மக்கபே 12ஆம் அதிகாரம்: போரில் செத்த வீரர்களின் உடைக்குள் சிலைத் தாயத்து இருந்ததைக் கண்ட படைத்தலைவர் யூதா மக்கபே, அவர்களுக்குப் பாவம் போக்கும் பலி கொடுக்க இரண்டாயிரம் வெள்ளிக் காசு திரட்டி எருசலேமுக்கு அனுப்பினார். அந்தப் புத்தகம் உங்கள் வேதாகமத்தின் 66 புத்தகங்களில் இல்லை, எங்கள் 73இல் இருக்கிறது. அங்கேதான் எல்லாப் பேச்சும் நின்றுபோகிறது.

டவுனிலிருந்து ஒரு தம்பி:

நான் ஆர்.சி. வீட்டில் பிறந்து இப்போது பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவன். அம்மாவின் முப்பதாம் நாள் பூசைக்கு நான் உள்ளே போகவில்லை, வெளியே வேப்பமரத்தடியில் நின்றேன். அன்றைய சாப்பாட்டுச் செலவு முழுவதும் என்னுடையதுதான். ஆனாலும் தாய்மாமா கூட்டத்தின் நடுவில், "பெற்றவளுக்கு ஒரு பூசை காணாத பிள்ளை" என்றார். இன்றுவரை பேச்சு இல்லை. எனக்கு வருத்தம் உண்டு, மனமாற்றம் இல்லை. சிலுவையில் தொங்கிய கள்ளனிடம், "இன்றைக்கு" நீ என்னுடன் பரதீசில் இருப்பாய் என்றுதான் இயேசு சொன்னார்.

அக்கா கேட்டாள், "அம்மாவுக்காக நீ ஜெபமே செய்வதில்லையா?" அம்மா படுக்கையில் கிடந்தபோது ராத்திரி ராத்திரியாகச் செய்திருக்கிறேன். தேவனுக்கு நேற்று இன்று என்று இல்லையென்றால் அந்த ஜெபம் இப்போதும் அவர் முன்னால்தான் இருக்கிறது என்றேன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை.

சாயர்புரம் நர்ஸ், இப்போது குவைத்தில்:

என் அறைத்தோழி கோட்டயத்து ஆர்த்தடாக்ஸ். அவர்கள் சபையில் குர்பானாவுக்குக் குர்பானா (அவர்களுடைய பூசை) இறந்தவர்களுக்காக வேண்டுகிறார்கள். சரி, உத்தரிக்கிற ஸ்தலத்தை நம்புகிறீர்களாக்கும் என்று கேட்டேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அது ரோமாபுரிக்காரர்கள் கணக்கு" என்றாள். 1439இல் புளோரன்ஸ் சங்கத்தில் ரோம சபை அந்தப் போதனைக்குக் கிரேக்க சபைக்காரர்களைச் சம்மதிக்க வைக்கப் பார்த்தபோது எபேசு நகரத்துப் பேராயர் மாற்கு கையெழுத்துப் போட மறுத்துவிட்டாராம், பிறகு தேடிப் படித்தேன். ஆக, அந்த ஸ்தலத்தை மறுப்பது ஒன்று, இறந்தவருக்காக வேண்டக் கூடாது என்பது வேறொன்று. நம் ஊரில் இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டு வைத்திருக்கிறோம்.

உபதேசியார் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம். இங்கிலாந்து திருச்சபையின் 1549ஆம் வருட ஜெபப் புத்தகத்திலேயே இறந்தவர்களுக்கான வேண்டுதல் இருந்தது, தெரியுமா?

ஓய்வுபெற்ற உபதேசியார்:

தெரியும். 1552இல் எடுத்துப்போட்டார்களே, அதுவும் தெரியும். 1662 புத்தகத்தில், விசுவாசத்தோடு மரித்தவர்களுக்காகத் தேவனைத் துதிக்கும் வரி உண்டு. நாம் துதிக்கிறோம், மன்றாடுவதில்லை. இந்த வித்தியாசம் சின்னதாகத் தெரியலாம், சின்னதல்ல. ஆனால் 2 தீமோத்தேயு 1:18ஐப் பற்றி யாராவது கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன், கேட்கவில்லை. தனக்கு உதவிய ஒநேசிப்போரு என்பவன் அந்நாளில் கர்த்தரிடத்தில் இரக்கம் கண்டடையட்டும் என்று பவுல் எழுதுகிறார். அவன் அப்போது உயிரோடு இருந்தானா இல்லையா என்று அந்த நிருபம் சொல்லவில்லை. நான் உயிரோடிருந்தான் என்றே படிக்கிறேன்.

வடக்கன்குளம் மருமகள்:

மணப்பாட்டு அண்ணாச்சி எழுதியதை அப்படியே அண்ணனுக்கு அனுப்பினேன். ஒரே வரியில் பதில் வந்தது: "மோட்சம் உறுதியென்றால் பூசை எதற்கு?" நல்ல கேள்வி என்றே எனக்கும் பட்டது. அத்தையிடம் கேட்டேன். "பிள்ளை ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடுவான் என்று தெரிந்தும் சோறு கட்டிக் கொடுக்கிறோமே" என்றார். அண்ணன் இதை ஒப்புக்கொள்ள மாட்டான். செய்ய வேண்டியதையெல்லாம் கிறிஸ்து சிலுவையில் செய்து முடித்துவிட்டார், நாம் கட்டிக் கொடுக்க என்ன பாக்கி இருக்கிறது என்பான். அவன் பக்கம் எனக்குப் புரிகிறது, ஏனென்றால் அதுதான் என் நம்பிக்கையும்.

அடுத்த மாதம் அப்பாவின் முதல் வருட நினைவு. மெய்ஞ்ஞானபுரத்தில் ஸ்தோத்திர ஆராதனைக்கும் மதிய விருந்துக்கும் அண்ணன் ஏற்பாடு செய்திருக்கிறான். அத்தை வருகிறார். அன்று காலையில் வடக்கன்குளத்தில் பூசைக்கும் பெயர் கொடுத்துவிட்டார், அண்ணனுக்கும் அது தெரியும். இப்போதைய பிரச்சினை அழைப்பிதழ்தான். பூசை நேரத்தை அதில் போடக் கூடாது என்கிறான் அண்ணன். போடாவிட்டால் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு எப்படித் தெரியும் என்கிறார் அத்தை. இரண்டையும் ஒரே அட்டையில் அச்சடித்தவர்கள் இங்கே யாராவது இருக்கிறீர்களா? எந்த வரியை முதலில் போட்டீர்கள்?