வேவ்டேஷ்: ‘அலையோட்டம்’ குறித்து ஒரு மாற்றுக் கருத்து

மதிப்பிற்குரிய நண்பருக்கு, வணக்கம்.

‘வேவ்டேஷ்’ என்னும் வீடியோ விளையாட்டு நுட்பத்துக்குத் தமிழ்ப் பெயராகத் தாங்கள் பரிந்துரைத்த ‘அலையோட்டம்’ செவிக்கு இனியதாயினும், ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ் மெலீ’ என்னும் சண்டை விளையாட்டில் அந்த அசைவைப் பழகியவர்களுக்கு அது பொருந்தாது என்றே கருதுகிறேன்.

2001இல் நின்டெண்டோவின் கேம்கியூப் கருவிக்கு வெளியான அவ்விளையாட்டில், தாவும் பொத்தானை அழுத்தியதும் பாத்திரம் முதலில் முழங்காலை மடக்குகிறது. வினாடிக்கு 60 பிரேம் (திரைப்படிமம்) ஓடும் ஆட்டத்தில் இம்மடக்கு ஃபாக்ஸ் என்னும் பாத்திரத்துக்கு 3 பிரேம், பவுசருக்கு 8 பிரேம் நீடிக்கும். கால் தரையைவிட்டு எழுந்தவுடனே, நடுவானில் அடிக்குத் தப்புவதற்கான விலகலைச் சாய்வாகக் கீழ்நோக்கிச் செலுத்தினால், பாத்திரம் அப்போதே தரையிறங்கி, எஞ்சிய பக்கவாட்டு வேகத்தில் சறுக்கிச் செல்கிறது. தரைப்பிடிப்புக் குறைந்த லூயிஜி நெடுந்தூரம் செல்ல, பீச் சிறிதே நகர்கிறாள். அதே வரிசையில் 2008இல் வந்த ‘பிரால்’ விளையாட்டில் விலகலைத் திசைப்படுத்த முடியாது போனதால் இந்நுட்பமும் இல்லாமற்போனது.

இறங்கிய 10 பிரேம் கழிந்ததும், சறுக்கல் இன்னும் நிற்காவிட்டாலும், ஆட்டம் அப்பாத்திரத்தை நிற்பதாகவே கணக்கிடுகிறது. ஓடிப் பின்வாங்குபவர் முதுகைக் காட்ட வேண்டும். சறுக்குபவரோ எதிராளியைப் பார்த்தபடியே பின்னுக்குச் சென்று, அவர் வீசிய அடி வீணானதும், நின்ற நிலையில் தொடுக்கக்கூடிய எந்தத் தாக்குதலையும் தொடுக்கலாம். இந்நுட்பத்தின் உயிரே இதில்தான் இருக்கிறது என்பதால், ‘ஓட்டம்’ என்ற சொல் புதிதாகக் கற்பவரைத் திசைதிருப்பிவிடும்.

ஆகவே ‘தாவுசறுக்கு’ என்பதை முன்மொழிகிறேன். வினைத்தொகையாதலால் இடையில் வல்லினம் மிகாது. ‘ஆனைக்கும் அடி சறுக்கும்’ என்னும் பழமொழியைக் காட்டி, சறுக்குதல் தவறிவிழுவதைத்தானே குறிக்கும் என்று கேட்கலாம். ஆயினும் சறுக்குமரம், பனிச்சறுக்கு ஆகியவற்றில் விரும்பிச் செய்யும் செயலாகவே அச்சொல் வழங்குகிறது. மேலும், தரையிலிருந்து தாவாமல், ஏற்கெனவே வானில் இருப்பவர் மேடைமீது இதே விலகலால் இறங்கிச் சறுக்குவதை ‘வேவ்லேண்ட்’ என்கிறார்கள். அதற்கு ‘இறங்குசறுக்கு’ எனலாம். இரண்டும் ஒரே குடும்பம் என்பது சொல்லிலேயே தெரியும்.

தாங்கள் சொன்ன ‘அலை’யைக் கைவிட வேண்டியதில்லை. ‘டெக்கன்’ என்னும் மற்றொரு சண்டை விளையாட்டில் கசூயா போன்ற மிஷிமா குடும்பத்தினர் முன், நடுநிலை, கீழ், கீழ்முன் என்ற திசை உள்ளீட்டு வரிசையை விடாமல் திரும்பத் திரும்ப இட்டு முன்னேறுவதற்கும் ‘வேவ்டேஷ்’ என்றே பெயர். அங்கே உடல் தாழ்ந்தும் எழுந்தும் பாய்வதால் ‘அலைப்பாய்ச்சல்’ மிகப் பொருத்தமாக அமையும். ஒரே ஆங்கிலப் பெயர் என்பதற்காக இரு வேறு அசைவுகளுக்கும் தமிழில் ஒரே சொல்லை வைக்க வேண்டாம்.

அதே விளையாட்டின் ‘கொரியன் பேக்டேஷ்’ என்னும் பின்வாங்கும் நுட்பத்துக்கான சொல் இன்னும் முடிவாகவில்லை. ஒரு பின்பாய்ச்சல் முடியும்முன் அடுத்ததைத் தொடங்க முடியாதாகையால், நடுவே குனிந்து முதலாவதை முறித்துவிட்டு மீண்டும் பாய்கிறார்கள். ‘முறிபாய்ச்சல்’ என்று எழுதிப் பார்த்தேன். பின்னோக்கிய திசை அதில் விடுபடுகிறது. இதற்குத் தங்களுக்குத் தோன்றும் சொல்லை எழுதுமாறு வேண்டுகிறேன்.