பூ நிறைய இருக்கிறது, வண்ணத்துப்பூச்சியைத்தான் காணோம்

பின்கட்டு:
வீட்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பதினைந்தடி மண் இருக்கிறது. அடுக்குச் செம்பருத்தி, காகிதப்பூ, குரோட்டன்ஸ் வைத்து ஒரு வருடம் ஆகிறது. பார்க்க அழகுதான். ஆனால் வண்ணத்துப்பூச்சி எட்டிப் பார்ப்பதோடு சரி, தேன்சிட்டு வருவதே இல்லை. இருக்கும் ஒரே கறிவேப்பிலையையும் புழு மொட்டையடிக்கிறது. பறவை எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டிக்கொண்டிருக்கும் அசிங்கம். வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்கிறேன். வேறு என்ன செடி வைக்கலாம்?

மண்வெட்டி:
முதலில் அந்த வேப்பெண்ணெயை எடுத்து உள்ளே வையுங்கள். நீங்கள் தேடும் வண்ணத்துப்பூச்சியே அந்தப் புழுதான்! கருப்பு இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசையாக ஓடுமே, அதன் பிள்ளை. எச்சம் என்று நினைத்துப் பறவை விட்டுவிடும், அதற்குத்தான் இந்த வேஷம். அப்புறம் பச்சையாகிவிடும். பச்சையானதைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக இரண்டு கொம்பு நீட்டும், நாற்றமும் அடிக்கும். நானும் இரண்டு வருடம் இவற்றை நசுக்கிப் போட்டவன்தான், சொல்லவே கூச்சமாக இருக்கிறது. இப்போது என்னிடம் கறிவேப்பிலை இரண்டு: ஒன்று எனக்கு, ஒன்று புழுவுக்கு. என் செடியில் ஏறினால் இலையோடு கிள்ளி அந்தச் செடிக்கு மாற்றிவிடுவேன்.

வேலியோரம் எருக்கு முளைத்தால் பிடுங்காதீர்கள். வெந்தய வரியன் என்ற வண்ணத்துப்பூச்சி அதில் முட்டையிடும். பால் மட்டும் கண்ணில் பட்டுவிடக் கூடாது.

சாரல்:
அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தத் தாள்களே இதழாகிவிட்டன, வருகிற பூச்சிக்கு அங்கே அதிகம் கிடைக்காது. ஒற்றைச் செம்பருத்தி வையுங்கள். தேன்சிட்டு குஞ்சுக்குத் தேன் ஊட்டி வளர்ப்பதில்லை. சிலந்தியும் சிறு பூச்சியும்தான். மருந்தடிக்கிற தோட்டத்தில் அதற்கு என்ன வேலை? அகலத் தட்டில் இரண்டு விரற்கடை தண்ணீர் வைத்து நடுவில் ஒரு கல் போடுங்கள். இரண்டு நாளைக்கொரு முறை மாற்றிவிட்டால் கொசு வராது. ஒரு மூலை மண்ணை மூடாமல் விடுங்கள், தனித்து வாழும் தேனீக்களில் பெரும்பாலானவை மண்ணில்தான் வளை தோண்டும்.

வெள்ளெருக்கு:
இவ்வளவு எதற்கு, ஒரு உன்னிச்செடி வையுங்கள். வண்ணத்துப்பூச்சி மொய்க்கும்.

மண்வெட்டி:
மொய்க்கும்தான், ஆனால் வேண்டாம். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி அது. பழத்தைத் தின்னும் பறவை விதையைக் காடுவரை கொண்டுபோய்ப் போடும். அப்புறம் அங்கே வேறு எதுவும் முளைக்க விடாது.

பின்கட்டு:
எண்ணெய் அடிப்பதை நிறுத்திப் பன்னிரண்டு நாள். இன்று காலை இலை இலையாக எண்ணினேன்: ஏழு. ஒவ்வொன்றையும் குச்சியால் மெதுவாகத் தொட்டுப் பார்த்தேன். அதில் ஒன்று உண்மையான எச்சம்.