குழந்தைக்கு வரும் ‘ஸ்ட்ரோக்’: வெள்ளிக்கிழமைக்குள் ஒரு சொல் வேண்டும்

திங்கள் காலை. காட்பாடி, செவிலியர் பயிற்சி ஆசிரியை:

கலைச்சொல் மின்னஞ்சல் குழுவினருக்கு வணக்கம். கொஞ்சம் அவசரம். கிராம சுகாதார செவிலியருக்கும் அங்கன்வாடி ஆசிரியைகளுக்கும் ஒரு பக்கத் தாள் தயாரிக்கிறேன். வெள்ளி மாலை அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும். கிருமித் தொற்றால் குழந்தைக்கு ஸ்ட்ரோக் (மூளையின் ரத்தக்குழாய் அடைபடுவதோ கசிவதோ) வந்தால் உடனே என்ன செய்வது என்பதுதான் பொருள். உள்ளே எல்லாம் எழுதியாகிவிட்டது, தலைப்பில் மாட்டிக்கொண்டேன்.

‘பக்கவாதம்’ என்று போட்டுவிட்டு வேறு வேலை பார்த்திருப்பேன். போன வாரம் பயிற்சியில் ஒரு அங்கன்வாடி ஆசிரியை கேட்டார்: “பிள்ளைக்கு வாதம்னா, அதான் சொட்டு மருந்து ஊத்திட்டோமே, அப்புறம் எப்பிடி மேடம் வரும்?” அவர் நினைத்தது இளம்பிள்ளை வாதத்தை. போலியோ இல்லை என்று இந்தியாவுக்கு 2014 மார்ச்சில் சான்று கிடைத்துவிட்டது. நோய் போயிற்று, சொல் போகவில்லை. குழந்தையையும் வாதத்தையும் ஒரே வரியில் வைத்தால் ஜனங்கள் காதில் போலியோ என்றுதான் விழுகிறது.

இன்னொரு பயம். வாதம் என்றாலே எண்ணெய் தேய்ப்பது, புறா ரத்தம் பூசுவது என்று கிளம்பிவிடுகிறார்கள். என்னிடம் ஒரு பையன் கதை இருக்கிறது. அம்மை போட்டு இரண்டு மாதம் ஆன பிள்ளை. காலையில் டம்ளரை வலது கையால் பிடிக்கிறான், நழுவுகிறது. இடது கைக்கு மாற்றிக் குடித்துவிட்டு விளையாடப் போய்விட்டான். மத்தியானம் வாய் கோணியது. எண்ணெயிலேயே இரண்டு நாள் போனது.

வாதம் வராத ஒரு சொல் கொடுங்கள்.

திங்கள் மாலை. குடியாத்தம், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:

அம்மா, நல்ல கேள்வி. ‘வாதம்’ வடசொல் என்பதால் அதை விடுவதில் எனக்கு மகிழ்ச்சியே. நம் சொல் வளி. “மிகினும் குறையினும் நோய்செய்யும் நூலோர் வளிமுதலா எண்ணிய மூன்று” என்று வள்ளுவர் வைத்துவிட்டார். ஆகவே ‘பக்கவளி’.

‘பக்கம்’ பக்ஷத்திலிருந்து வந்தது என்று யாராவது கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன். பகு என்ற வினையடியிலிருந்து பகுதி, பகல், பங்கு, பக்கம் எல்லாம் வரிசையாக வருகின்றன. உடம்பை இரண்டாகப் பகுத்தால் ஒரு பாதி பக்கம்.

திங்கள் இரவு. ஆரணி, சித்த மருத்துவர்:

ஐயா, ஏடுகளில் பட்சவாதம் என்றும் வருகிறது. வாதநோய் எண்பது என்பது எங்கள் கணக்கு. வளி என்று மாற்றினால் என் நோயாளிகள் வானிலை அறிக்கை என்று நினைப்பார்கள். ஆனால் ஆசிரியை சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். இது எண்ணெய்க்கு வரவேண்டிய நேரம் இல்லை. புறா ரத்தத்துக்கும் எங்கள் மருத்துவத்துக்கும் சம்பந்தம் இல்லை என்பதையும் இங்கே பதிந்துவைக்கிறேன்.

செவ்வாய். டொரன்டோ, யாழ்ப்பாணத்து அன்பர்:

எங்கட பக்கம் பாரிசவாதம் எண்டுதான் சொல்லுறது. பாரிசம் எண்டாலும் பக்கம்தான், அதனால உங்கட பிரச்சினை தீராது. ஆனா ஒண்டு சொல்ல வேணும். 19ஆம் நூற்றாண்டில மானிப்பாயில சாமுவேல் கிறீன் தமிழிலேயே வைத்தியம் படிப்பிச்சவர். புத்தகங்களைத் தமிழாக்கி, கலைச்சொல்லும் ஆக்கினவர். அமெரிக்காவில இருந்து வந்த மனுசன் செய்ததை நாங்கள் இண்டைக்கு மின்னஞ்சலில...

(கிறீன் பற்றி அன்பர் எழுதிய மீதி நான்கு பத்தியும் அருமை. தனி இழையாகப் போடுங்கள் அண்ணா, நான் வெள்ளிக்கிழமைக்குப் பிறகு வந்து படிக்கிறேன். – காட்பாடி)

செவ்வாய் இரவு. ராணிப்பேட்டை, குழந்தை மருத்துவர்:

பக்கம் என்பதே எனக்கு இடிக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு பக்கம் விழுவது கண்ணுக்குத் தெரியும். சின்னக் குழந்தைக்கு முதலில் தெரிவது வலிப்பாக இருக்கலாம், எழுப்பினால் எழாத தூக்கமாக இருக்கலாம். ‘பக்கம்’ என்று எழுதினால் பக்கத்தைத் தேடிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள்.

வேர் எங்கே என்று பாருங்கள். சின்னம்மைக் கிருமி நரம்பு வழியாக மூளையின் ரத்தக்குழாய்ச் சுவருக்கே போய் அதைச் சுருக்கும். அம்மை இறங்கிச் சில வாரமோ மாதங்களோ கழித்துத்தான் விஷயம் தெரியும். காசநோய் மூளையுறையைப் பிடித்தால் மூளையின் அடிப்பக்கக் குழாய்கள் நெரிபடும். இதய வால்வில் கிருமி தங்கினால் அங்கிருந்து ஒரு துணுக்கு பிய்ந்து ரத்தத்தோடு போய் மூளையில் சொருகும். நம் ஏரி மதகில் தழை வந்து அடைக்குமே, அதேதான். காதில் சீழ் வடிவதைக் கவனிக்காமல் விட்டால் மூளையிலிருந்து ரத்தம் திரும்பும் குழாயிலேயே ரத்தம் உறைந்துபோகலாம்.

ஆஸ்பத்திரியில் மூச்சையும் சர்க்கரையையும் முதலில் பார்ப்போம், ஏனென்றால் சர்க்கரை இறங்கினாலும் இதே மாதிரி தெரியும். அப்புறம் வலிப்பை நிறுத்துவது, ஸ்கேன், கிருமிக்கு மருந்து. பெரியவர்களுக்கு நாலரை மணி நேரத்துக்குள் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடுவதைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். குழந்தைகளுக்கு அது வழக்கமான மருத்துவம் இல்லை. இதய வால்வுக் கிருமியால் வந்ததென்றால் அந்த ஊசியே மூளையில் ரத்தக்கசிவை உண்டாக்கிவிடலாம். தாயார் செய்ய வேண்டியது: ஒருக்களித்துப் படுக்கவைப்பது, வாயில் எதுவும் கொடுக்காதது (தண்ணீர், மாத்திரை, விபூதித் தண்ணீர் எதுவும்), பிள்ளை கடைசியாக எத்தனை மணிக்கு நன்றாக இருந்தது என்று குறிப்பது, 108.

சொல்? ‘மூளைத்தாக்கு’ எனக்குச் சரி.

செவ்வாய், நள்ளிரவு தாண்டி. குடியாத்தம்:

மருத்துவரே, மதகு உவமை அருமை. அந்தத் துணுக்குக்கு ‘தக்கை’ என்ற சொல் உண்டு. மிதந்து போய் அடைப்பது தக்கை. சீழ் சேர்ந்தால் ‘சீழ்த்தக்கை’. ‘தொற்று’ என்பதே தொத்திக்கொள்வது. பேருந்துப் படியில் தொற்றிக்கொண்டு போகிறான் என்கிறோம் அல்லவா? தாளில் ‘ரத்தம்’ என்பதை எல்லாம் ‘குருதி’ என்று மாற்றவும்.

புதன் மாலை. ஒடுகத்தூர் பக்கத்துக் கிராம செவிலி:

எல்லாருக்கும் வணக்கம். நான் இதுவரை எழுதியதில்லை, படிப்பதோடு சரி. இன்று புதன், தடுப்பூசி நாள். வந்த தாய்மாரிடம் சொற்களைக் கேட்டுப் பார்த்தேன்.

‘பக்கவளி’: வாயு பிடிப்பு என்றார்கள். ஒருத்தர் ஓமத்தண்ணி கொடுக்கலாமா என்று கேட்டார். ‘மூளைத்தாக்கு’: யார் தாக்கினார்கள் என்று கேட்டார்கள், இரண்டு பேர் மூளைக்காய்ச்சல் என்றார்கள். ‘சீழ்த்தக்கை’ நான் கேட்கவில்லை, மன்னிக்கவும். அவர்களாகச் சொல்வது “கை கால் இஸ்துகிச்சி” (இழுத்துக்கொண்டது) என்பதுதான். ஆனால் ஜன்னி வந்தாலும் இஸ்துகிச்சி, மூச்சு வாங்கினாலும் இழுப்பு. அதைத் தலைப்பாகப் போட முடியாது.

ஒரு பாட்டி தானாகக் கேட்டார்: “மாரடைப்புங்கிறாங்களே, அது மாதிரி மூளைல அடைச்சிக்குமா?” சுற்றி இருந்த அத்தனை பேருக்கும் புரிந்துவிட்டது. மாரடைப்பு என்றால் வண்டி கூப்பிட வேண்டும் என்று எல்லாருக்கும் தெரியும்.

ஒரு வேண்டுகோளும் உண்டு மேடம். ‘அம்மையால் வரும்’ என்று நேராகப் போடாதீர்கள். இங்கே இன்னும் வாசலில் வேப்பிலை கட்டி, தாய் வந்திருக்கா என்றுதான் சொல்கிறார்கள். தாய்மேல் பழி போட்டால் தாளையே வாங்க மாட்டார்கள். ‘தலைக்குத் தண்ணி ஊத்தின பிறகும் சில மாதம் பிள்ளையைக் கவனியுங்கள்’ என்று போட்டால் சண்டை இல்லை.

புதன் இரவு. காட்பாடி:

தங்கச்சி, எத்தனையோ மடல்களுக்குப் பிறகு முதல் தடவையாக ஒரு நோயாளி வீட்டுக்காரர் பேசியிருக்கிறார். ‘மூளை அடைப்பு’. தண்ணி ஊத்தும் வரியை அப்படியே எடுத்துக்கொள்கிறேன்.

வியாழன். ராணிப்பேட்டை:

புரிகிறது என்பது சரி. ஆனால் அடைப்பு மட்டும் இல்லையே. கிருமியால் குழாய்ச் சுவர் புடைத்து வெடித்தால் கசிவு. அதற்கு ‘அடைப்பு’ பொய்.

வியாழன். ஆரணி:

மாரடைப்பில் அடைவது மாரா? மாருக்குள் இருக்கும் ஒரு குழாய். கசிவானாலும் கூப்பிடப்போவது அதே 108 தானே டாக்டர்?

வியாழன் இரவு. குடியாத்தம்:

முப்பது ஆண்டு வகுப்பறையில் நின்றவன் சொல்கிறேன். ‘மூளை அடைப்பு’ வெளியே வந்த மறுநாள் கணக்கு வராத பையனை எல்லாரும் ‘மூளை அடைச்சவன்’ என்பார்கள். பிழைத்து வரும் குழந்தை அந்தப் பெயரோடு பள்ளிக்குப் போக வேண்டும். ‘மூளைக்குழாய் அடைப்பு’ என்றாவது போடுங்கள். பழி குழாய்மேல் போகட்டும்.

(இதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். ஐயா சொல்வதில் எனக்குப் பதில் இல்லாத முதல் மறுப்பு இது. – காட்பாடி)

வெள்ளி மதியம். காட்பாடி:

கணக்கு இதுதான்: மூளை அடைப்பு ஐந்து, மூளைக்குழாய் அடைப்பு மூன்று, மூளைத்தாக்கு இரண்டு, பக்கவளி ஒன்று (யார் என்று சொல்ல வேண்டியதில்லை). டொரன்டோ அண்ணன் இன்னும் யோசிக்கிறாராம். பெரிய எழுத்தில் ‘குழந்தைக்கு மூளை அடைப்பு’. கீழே சின்ன எழுத்தில் ‘மூளைக்குழாய் அடைப்பு அல்லது கசிவு, சிலர் பக்கவாதம் என்பார்கள், இது போலியோ இல்லை’. ரத்தம் ரத்தமாகவே இருக்கிறது. நான்கு மணிக்கு அச்சகம்.

வெள்ளி 4.40. குடியாத்தம்:

அச்சேறிவிட்டதா? ‘மூளையடைப்பு’ என்று உடம்படுமெய் சேர்த்து ஒரே சொல்லாக எழுதச் சொல்ல மறந்துவிட்டேன். குருதி பற்றிய என் மறுப்பும் நிற்கிறது.