பொருள்: திமில் வளைவு, திரும்புமுனை – கலைச்சொல் வேண்டும்

அன்புள்ள குழுவினர்க்கு,

முதுகலைப் பொருளியல் பாடநூலில் ‘மக்களாட்சியும் சுற்றுச்சூழலும்’ என்னும் அலகை வெள்ளிக்கிழமைக்குள் அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும். இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறேன். தலைக்கு வருமானம் உயர உயர மாசு முதலில் ஏறிப் பிறகு இறங்கும் என்று 1990களில் பொருளியலாளர்கள் கிராஸ்மனும் குரூகரும் காட்டிய வளைகோட்டை, 1955இல் வருமான ஏற்றத்தாழ்வுக்கு இத்தகைய போக்கைச் சொன்ன குஸ்நெட்ஸின் பெயரால் வழங்குகிறார்கள். வகுப்பில் பெஞ்சுகளைப் போடும் ‘ப’ வடிவத்தைக் கவிழ்த்துக்கொள்ளுங்கள் என்று கரும்பலகையில் வரைந்தேன். பின்வரிசை மாணவி ஒருத்தி, ‘மாட்டின் திமில்தானே ஐயா’ என்றாள். ‘திமில் வளைவு’ எனலாமா? உச்சிக்குத் ‘திரும்புமுனை’ சரியா?

– திண்டுக்கல்லிலிருந்து

*

ஐயா, சங்க நூல்களில் திமில் என்பது மீன்படகு. ‘திண்திமில் வன்பரதவர்’ என்பது புறநானூறு. ஏற்றின் கொண்டைக்கு அங்கே இமில் என்றே பெயர். இமிலும் இமயமும் உயர்ச்சி குறித்த ஒரே வேரின என்பது என் துணிபு. ஆகவே ‘இமில்வளைவு’ என்க.

– தஞ்சையிலிருந்து

*

இமயம் பனியைக் குறிக்கும் வடசொல்லின் வழி வந்தது. அதையும் இந்த மாட்டின்மேல் ஏற்ற வேண்டாம். ‘இமில்’ என்றால் அந்த மாணவிக்கே அகராதி வேண்டும்.

என் கவலை ‘திரும்புமுனை’ பற்றியது. திரும்பு என்பது தன்வினை. நாட்டில் பணம் சேர்ந்தால் மாசு தானே இறங்கும், அதுவரை ஏழைகள் பொறுத்திருக்கட்டும் என்ற எண்ணத்தை அச்சொல் விதைத்துவிடும். எழுத்தறிவும் அரசியல் உரிமைகளும் குடிமைச் சுதந்திரங்களும் சுற்றுச்சூழலின் தரத்தை உயர்த்துவது வருமானம் குறைந்த நாடுகளில்தான் அழுத்தமாகத் தெரிகிறது என்று பொருளியலாளர்கள் டோரசும் பாய்சும் 1998இல் எழுதினார்கள். ஒடிசாவின் நியம்கிரி மலையில் பாக்சைட் தோண்டலாமா என்று, உச்சநீதிமன்றத் தீர்ப்பையடுத்து 2013இல் 12 கிராமசபைகளைக் கேட்டபோது பன்னிரண்டும் மறுத்தன. அங்குள்ள டோங்ரியா கோண்டு பழங்குடி மக்களின் வருமானம் எந்த உச்சியையும் தொட்டிருக்கவில்லை. திருப்புவதற்கு ஆள் வேண்டும் என்பதால், பிறவினையாகத் ‘திருப்புமுனை’ என்றே எழுதுங்கள். செய்தித்தாள் படிப்பவர்க்குப் பழகிய சொல்லும்கூட.

– கோவையிலிருந்து

*

அம்மையீர், இலக்கணம் அவ்வளவு எளிதன்று. ‘திருப்புமுனை’ வினைத்தொகை, ‘திருப்பும் முனை’ என விரித்தால் திருப்புவது முனையே ஆகிவிடுகிறது, மக்கள் எங்கே? ‘உண்கலம்’ உண்பதற்கான கலம் ஆவதுபோல இது திருப்புவதற்கான இடம் என்று அமைதி சொல்லலாம். ஆனால் சொல்லில் இல்லாத எழுவாயை நாமே உள்ளே வைத்துப் படிக்கிறோம். தவிர, 2013க்குப் பிறகு சீன நகரங்களில் நுண்துகள் மாசு வெகுவாகக் குறைந்தது. அதைத் திருப்பியது கட்சி ஆணை, வாக்குச்சீட்டு அன்று. தேர்தல் தவறாத டில்லியிலோ குளிர்காலப் புகைக்குப் பள்ளிகளை மூட வேண்டியிருக்கிறது. பணக்கார மக்களாட்சிகள் கந்தகப் புகையைக் குறைத்தன, உண்மை. ஆனால் அமெரிக்காவில் தலைக்கு வெளியாகும் கரியமில வாயு இன்றும் இந்தியாவைப்போலப் பல மடங்கு. அந்த வாயுவுக்குத் திமிலும் உறுதியில்லை, இமிலும் உறுதியில்லை. ‘திரும்புமுனை’ யார்மீதும் பாரம் ஏற்றாத சொல், அதுவே நேர்மை.

– நாகர்கோவிலிலிருந்து

*

பாரம் ஏற்றாத சொல் என்பதுதான் ஐயா என் குறை. ஆணையிட்டுத் திருப்பினாலும் திருப்பியது திருப்பியதுதானே; சீனா உங்கள் வாதத்துக்குச் சாட்சி சொல்லவில்லை.

– கோவையிலிருந்து

*

அனைவர்க்கும் நன்றி. தனிமடல்களையும் சேர்த்தால் ‘திருப்புமுனை’க்கு ஐவர், ‘திரும்புமுனை’க்கு இருவர். ‘திமில் வளைவு’ நிற்கிறது, ‘இமில்’ அடிக்குறிப்பில் வருகிறது. சீனாவையும் கரியமில வாயுவையும் பயிற்சி வினாக்களாக்கிவிட்டேன். வெள்ளி வந்துவிட்டது.

– திண்டுக்கல்லிலிருந்து

*

என் மறுப்பு நிற்கிறது. அச்சில் ‘திருப்பு முனை’ என்று பிரிந்து வராமலாவது பார்த்துக்கொள்ளுங்கள். வினைத்தொகையைப் பிரித்தெழுதக் கூடாது.

– நாகர்கோவிலிலிருந்து